பக்க விளைவு

'பக்க விளைவு' என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு மருந்து உடலுக்குள் போய்ப் பத்துக் காரியங்கள் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்றை மையம் என்றும் மீதி ஒன்பதைப் பக்கம் என்றும் பிரிப்பது மருந்தல்ல. மருந்துக்கு நோக்கம் கிடையாது. உடலும் அப்படிப் பிரித்துக்கொள்வதில்லை. பத்தையும் ஒருசேரத்தான் அநுபவிக்கிறது. பிரிப்பது, மருந்தைக் கொடுப்பவரின் நோக்கம். ஆக, ஒரு வஸ்துவை வர்ணிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, ஒருவருடைய நோக்கத்தை அந்த வஸ்துவின் குணமாக மாற்றிவிடுகிறது இச்சொல். இப்படிப்பட்ட சொற்களோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுளைக் கழித்துவிட்ட நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. ஆனால் விமர்சனத்தில் ஒரு சொல் ஏமாற்றினால் ஒரு கவிதை தப்பாக வாசிக்கப்படும். பிறகு யாராவது வந்து சரியாக வாசித்துவிட முடியும். உடல் விஷயத்தில் அந்தச் சௌகரியம் இல்லை.

இதை ஆந்த்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தை முன்வைத்துப் பேச நினைக்கிறேன். லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிற மருந்துகள் இவை. இவற்றின் பூர்வீகம் மண். 1950களில் இத்தாலியில் ஃபார்மிடாலியா கம்பெனியின் ஆய்வாளர்கள், தெற்கே புலியா பிரதேசத்தில் காஸ்தெல் தெல் மோந்தே என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டையை அடுத்த நிலத்திலிருந்து எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தார்கள். அது சிவப்பான ஒரு பொருளைச் சுரந்தது. ரோமானியருக்கு முன் அப்பகுதியில் வாழ்ந்த தௌனி என்ற குலத்தின் பெயரை வைத்து அதை டானோமைசின் என்றார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் பிரான்ஸிலும் அதே பொருள் கண்டுபிடிக்கப்பட்டு, மாணிக்கக் கல்லின் நிறத்தை வைத்து ரூபிடோமைசின் என்று பெயர் பெற்றது. இரண்டு பெயரும் கலந்து டானோரூபிசின் ஆயிற்று. அந்த நுண்ணுயிரின் மரபை மாற்றி வளர்த்த இன்னொரு வகையிலிருந்து 1960களின் பிற்பகுதியில் டாக்ஸோரூபிசின் வந்தது. ஏட்ரியாடிக் கடலின் ஞாபகமாக அதற்கு அட்ரியாமைசின் என்று இன்னொரு பெயர். இரண்டு மூலக்கூறுகளுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்ஸிஜன் அணு.

சிரிஞ்சில் ஏறும்போது சிவப்பு. சிறுநீராக இறங்கும்போதும் சிவப்பு. ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். இதோடு கூடவே குழந்தைகளுக்கு ஏற்றப்படுகிற வின்கிரிஸ்டின், நம் கொல்லையில் பூக்கிற நித்திய கல்யாணியிலிருந்து கிடைப்பது. அதையே சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிறோம். நித்திய கல்யாணிக்கும் சுடுகாட்டுக்கும் ஒரே பூவை வைத்துக்கொண்டவர்களுக்கு மருந்து, விஷம் என்ற பேதத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மருந்து என்ன செய்கிறது? செல் பிளவுபடுவதற்கு முன், முறுக்கேறிக் கிடக்கும் மரபிழையை அவிழ்க்க வேண்டும். கயிற்றுச் சிக்கலை எடுப்பவன் சில இடங்களில் கயிற்றை வெட்டி, சிக்கலை உருவிவிட்டு, மறுபடி முடிச்சுப் போடுவதைப்போல, டோபோஐசோமரேஸ் என்ற நொதி மரபிழையை வெட்டி, சுழலவிட்டு, ஒட்டவைக்கிறது. ஆந்த்ராசைக்ளின் வந்து, வெட்டியான பிறகும் ஒட்டுவதற்கு முன்பும் உள்ள அந்தக் கணத்தில் நொதியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டு வெட்டாகவே நின்றுவிடுகிறது. செல் சாகிறது. ஓயாமல் பிளவுபடுகிற செல்கள்தாம் இதில் அதிகமாக மாட்டிக்கொள்ளும்: புற்றுச் செல், எலும்பு மஜ்ஜை, வாயின் உட்சவ்வு, மயிர்க்கால். பிந்திய மூன்றும் பிளவுபடுகிற சுபாவம் உடையவை என்பதால்தான் செத்தன. அதே சுபாவத்தால் திரும்பவும் வந்துவிடுகின்றன. சில வாரங்களில் மஜ்ஜை தேறும். சில மாதங்களில் தலையில் முடி வரும், சில சமயம் முன்னைவிடச் சுருட்டையாக. இதுவரைக்கும் 'பக்க விளைவு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். கொஞ்ச நாள் கஷ்டம், பிறகு சரியாகிவிடும்.

இருதயம் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. அதன் தசைச் செல்கள் பிளவுபடுவது மிகமிக அபூர்வம். பிளவுபடுவதைக் கொல்லும் மருந்துக்கு அங்கே வேலையே இருக்கக் கூடாது. ஆனால் டானோரூபிசின் இருதயத்தைச் சாகும் அளவுக்குக் கெடுக்கலாம் என்பது 1967 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. இரும்போடு சேர்ந்து அது உண்டாக்கும் வீரியமான ஆக்ஸிஜன் துணுக்குகளே காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அவ்விளக்கம் முழுக்கத் தள்ளுபடியாகிவிடவில்லை. ஆனால் 2012இல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. டோபோஐசோமரேஸில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. புற்றுச் செல்லில் மருந்து குறிவைப்பது முக்கியமாக ஆல்ஃபாவை. இருதயத் தசையில் இருப்பது பீட்டா. எலியின் இருதயத் தசையிலிருந்து பீட்டாவை நீக்கிவிட்டு மருந்தைக் கொடுத்தபோது இருதயம் பெருமளவு தப்பித்தது. அதாவது நோயைக் கொல்லும் பிடியும் இருதயத்தை முடமாக்கும் பிடியும் ஒரே கை பிடிக்கிற ஒரே பிடி. இதில் எது மையம், எது பக்கம்?

சாதாரண விஷங்களின் அளவு அன்றன்றைக்கு உரியது. நேற்றுக் குடித்ததை உடல் கழித்துவிடும். இன்றைய அளவைத்தான் பார்க்க வேண்டும். ஆந்த்ராசைக்ளினுக்கு அளவு வாழ்நாளுக்கு உரியது. பத்து வயதில் ஏற்றியதும் ஐம்பது வயதில் ஏற்றுவதும் ஒரே கணக்கில் கூடுகின்றன. அலகு, உடல் மேற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம். (துணிக் கடையில் அளப்பதுபோல மனிதத் தோலை அளக்கிறார்களே என்று முதலில் தோன்றியது. எடையை மட்டும் வைத்து அளப்பதைவிட அது நியாயமானது என்று பிறகு விளங்கிற்று.) 1973இல் அமெரிக்காவில் 399 நோயாளிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வில் 11 பேருக்குக் கடுமையான இருதயச் செயலிழப்பு. அதிலிருந்து 550 என்ற எல்லை பிறந்தது. 1979இல் 4018 பேரின் கேஸ் ஷீட்களைப் பார்த்து 88 பேரைக் கண்டார்கள். 550ஐ எட்டியவர்களில் சுமார் 7 சதவிகிதம் என்று மதிப்பிட்டார்கள். 2003இல் இன்னொரு ஆய்வு அதே 550க்கு 26 சதவிகிதம் என்றது. மருந்து மாறவில்லை, இருதயமும் மாறவில்லை. உற்றுப் பார்க்கப் பார்க்க எண் ஏறியது. இதற்கிடையில் 1991இல், லுகேமியாவிலிருந்து பிழைத்த 115 குழந்தைகளைச் சிகிச்சை முடிந்து பல வருஷங்களுக்குப் பிறகு பரிசோதித்ததில் 57 சதவிகிதம் பேரின் இருதயத்தில் ஏதாவது ஒரு கோளாறு தென்பட்டது. பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. பெரியவர்களுக்கு வகுத்த எல்லைக்கு உட்பட்டே மருந்து வாங்கியிருந்த குழந்தைகள் அவர்கள். எல்லை என்று நாம் நினைத்தது, விபத்து எந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்பதைக் காட்டும் கோடுதான்.

நம் சினிமாவிலும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலும் ரத்தப் புற்றுநோய் வந்த பெண் பிழைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மூக்கிலிருந்து ரத்தம் வழியும், கைக்குட்டை சிவக்கும், கடைசி ரீலில் மடியில் தலை சாயும். அந்தச் சாவு கதாசிரியருக்கு வசதியானது. ஆனால் குழந்தைகளுக்கு வருகிற லுகேமியாவில் நிஜம் என்றோ கதையைத் தாண்டிப் போய்விட்டது. 1948க்கு முன் சில மாதங்களில் செத்துப்போன குழந்தைகளில், வசதியுள்ள தேசங்களில் இன்று பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். நம் நாட்டிலும் 1980களின் நடுவிலிருந்து சென்னை, பம்பாய், டில்லி ஆகிய மூன்று இடங்களின் புற்றுநோய் நிலையங்கள் சேர்ந்து நடத்திய சிகிச்சைத் திட்டம் ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றியது. அதில் டானோரூபிசினும் ஓர் அங்கம். பிழைத்தவர்களைப் பற்றிச் சொல்ல நம்மிடம் பாஷை இல்லை. செத்தவளுக்கு ஒப்பாரி உண்டு. பிழைத்தவளுக்கு 'நீ புண்ணியம் செய்தவள்' என்ற ஒரு வாக்கியம். அதோடு சரி.

என் தமக்கை மகளுக்கு 1986இல், ஏழு வயதில், லுகேமியா வந்தது. ஊரும் ஆஸ்பத்திரியும் இங்கே வேண்டாம். நீண்ட சிகிச்சை. பிழைத்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். 2007இல் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. எக்கோ எடுத்த டாக்டர் இரண்டு கேள்விகள் கேட்டார். சின்ன வயதில் சிவப்பு மருந்து ஏற்றினார்களா? ஏற்றியிருந்தால் மொத்தம் எவ்வளவு? முதல் கேள்விக்கு என் தமக்கை உடனே பதில் சொன்னாள். குழந்தைக்கு மூத்திரம் சிவப்பாகப் போனதைப் பார்த்துத் தான் நடுங்கியதை அவள் மறக்கவில்லை. இரண்டாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அத்தனை வருஷத்துக்கு முந்திய கேஸ் ஷீட்களை வைத்துக்கொள்வதில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். மாத்திரை சாப்பிடுகிறாள். மாடி ஏறினால் பாதியில் நின்று, ஏதோ யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, மேலே ஏறுகிறாள்.

இங்கே தவறு செய்தவர் யார்? எவருமில்லை. 1986இல் எது தெரியுமோ அதை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். எல்லையைத் தாண்டவில்லை என்றே நம்புகிறேன். எல்லைக்கு உள்ளேயும் குழந்தை இருதயம் கெடும் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வருவதற்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. தீங்கு உண்டு, தீங்கு செய்தவர் இல்லை. நம் தார்மிக விசாரணைகளெல்லாம் குற்றவாளியைத் தேடுவதிலேயே பழகிப் போனதால், குற்றவாளி இல்லை என்று ஆனவுடன் கோப்பை மூடிவிடுகின்றன.

இந்த மூடும் பழக்கத்துக்குக் கௌரவமான ஒரு பரம்பரை உண்டு. தற்காப்புக்காகக் கொல்லலாமா என்ற கேள்விக்குத் தாமஸ் அக்வினாஸ் சொன்ன பதில்: ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்று நோக்கத்துக்கு உட்பட்டது, மற்றது நோக்கத்துக்கு அப்பால் பக்கத்தில் நிற்பது. செயலின் தன்மையை நிர்ணயிப்பது முதலாவது. (மேலே சொன்ன கோட்டையைக் கட்டிய இரண்டாம் ஃபிரெடரிக்கின் ராஜ்யத்தில்தான் அக்வினாஸ் பிறந்தார். தற்செயல், இதில் அர்த்தம் எதுவும் தேடவில்லை.) பின்னால் வந்தவர்கள் இதற்கு நிபந்தனைகள் சேர்த்தார்கள்: தீய விளைவே நல்ல விளைவுக்கு வழியாக இருக்கக் கூடாது, இரண்டுக்கும் இடையே தகுந்த விகிதம் வேண்டும். ஆந்த்ராசைக்ளின் எல்லா நிபந்தனைகளிலும் தேறிவிடுகிறது. இருதயம் கெட்டதால் லுகேமியா குணமாகவில்லை. உயிருக்கு எதிரே பலவீனமான இருதயம் சின்ன விலை. தீர்ப்பை நான் ஏற்கிறேன். ஆனால் இந்தத் தத்துவம் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. அது விசாரிப்பது செய்தவனை மட்டும், செய்த கணத்தில் மட்டும். அவன் விடுதலையானதும் கோர்ட்டு கலைந்துவிடுகிறது. பக்கத்தில் நின்ற விளைவு மட்டும் காலி அறையில் உட்கார்ந்திருக்கிறது, நாற்பது வருஷமாக.

இன்னொரு வாதம் இதைவிடப் பலமானது. குடும்பத்தில் எல்லோரும் சொல்வது. அந்த மருந்து இல்லாவிட்டால் குறை சொல்வதற்கு அவளே இருந்திருக்க மாட்டாள் அல்லவா? தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் இதைச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிணற்றில் விழுந்தவனைக் கயிறு போட்டு மேலே இழுக்கிறார்கள். இழுத்த இழுப்பில் தோள் மூட்டு நழுவிவிடுகிறது. இழுத்தவர்கள்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. ஆனால் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் முனகும்போது, 'உயிரோடுதானே இருக்கிறாய்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிற ஊர் எப்படிப்பட்ட ஊர்? தோளைப் பார்த்துப் பொருத்திவிட வேண்டியது கிணற்றிலிருந்து எடுத்த காரியத்தின் மிச்சம். உயிர் பிழைத்ததை ரசீதாக நீட்டி அந்த மிச்சத்தைத் தீர்த்துவிட முடியாது. நன்றி ஒரு தட்டிலும் புகார் மறு தட்டிலும் வைத்து நிறுக்கக் கூடியவை என்ற நினைப்பே தப்பு. இரண்டும் ஒருத்தியிடம் முழுசாகவே இருக்கலாம். ஒரு தடவை அவளே சொன்னாள்: "நன்றி இல்லாம இல்ல மாமா. ஆனா எனக்குள்ள எவ்வளவு ஏத்தினாங்கன்னு யாராவது சொல்லணும்ல?"

சம்மதம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்டது அவள் அப்பா. ஊசி வாங்கியது ஏழு வயதுக் குழந்தை. விலை கொடுப்பது நாற்பத்தைந்து வயதுப் பெண். 1984இல் டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, வெகுதூரத்து எதிர்காலத்தில் இருக்கப்போகும் 'நான்', இன்றைய 'நானு'க்கு ஏறக்குறைய வேறொரு ஆள் மாதிரிதான் என்ற ரீதியில் வாதாடினார். ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து யோசிக்க அது சுவாரசியமான விஷயம். குழந்தை விஷயத்தில் அது பாதி நிஜமாகவே ஆகிவிடுகிறது: அந்தக் குழந்தையின் பிரக்ஞையில் நாற்பத்தைந்து வயது என்று ஒன்றே கிடையாது. ஆனால் எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த உறுப்பே பார்ஃபிட்டை மறுக்கிறது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14ஐ வைத்து, இருதயத் தசைச் செல்களின் வயதை ஸ்வீடனில் கணக்கிட்டு 2009இல் வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதில் வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவிகிதம்தான் புதிதாக மாறுகிறது. வயது ஏற ஏற அதற்கும் குறைவு. மொத்த ஆயுளில் பாதிகூட மாறுவதில்லை. தோலும் ரத்தமும் எத்தனையோ தடவை மாறிவிட்டன. ஏழு வயதுக் குழந்தையிடம் இருந்த அதே செல்களில் பெரும்பகுதி இன்றும் அவளுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆத்மாவின் தொடர்ச்சி பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. இது தசையின் தொடர்ச்சி; ஸ்தூலமானது. மஜ்ஜைக்கு மறதி உண்டு, ஆகவே அது தேறிவிட்டது. மறதி இல்லாத உறுப்பில் மருந்து தங்கிவிட்டது.

இதைக் கடன் என்று சொல்லத் தோன்றும். டாக்டர்களும் சொல்கிறார்கள்: வருங்காலத்திலிருந்து கடன் வாங்கி நிகழ்காலத்தைக் காப்பாற்றுவது. சூஸன் சாண்டாக் 1978இல் எழுதிய புத்தகம், நோய்க்கு உருவகம் சூட்டுவதைக் கண்டித்தது. புற்றுநோயை யுத்தமாகப் பேசுவது நோயாளியை என்ன செய்கிறது என்பதை அதற்குமுன் யாரும் அவ்வளவு கறாராகப் பார்த்ததில்லை. (அவரே 2004இல் லுகேமியாவில் இறந்தார்.) ஆனால் உருவகமே இல்லாமல் நோயைப் பற்றிப் பேசிவிடலாம் என்று சாண்டாக் நம்பியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'பக்க விளைவு' என்பதே ஓர் உருவகம்தானே, அதுவும் தான் உருவகம் என்பதை மறைத்துக்கொண்ட ஒன்று. கடன் என்ற உருவகத்தில் எனக்குள்ள சண்டை வேறு. கடனில் கொடுத்தவனும் வாங்கியவனும் இரண்டு பேர். இருவர் கையிலும் பத்திரம் உண்டு. இங்கே வாங்கியதும் அவள் உடல், கட்டுவதும் அவள் உடல். பத்திரம் மட்டும் வேறு யாரிடமோ இருந்தது. அவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

இருதயத்தைக் காக்க டெக்ஸ்ராஸாக்ஸேன் என்ற மருந்து வந்தது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி. கேடயம் இருதயத்தைக் காப்பதுபோல் புற்றையும் காத்துவிடுமோ, வேறு புற்றுகளுக்கு இடம் கொடுத்துவிடுமோ என்று வருஷக் கணக்கில் தயங்கினார்கள். 2011இல் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள். 2017இல் அதிக அளவு ஆந்த்ராசைக்ளின் வாங்கப்போகிற குழந்தைகளுக்கு மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். ஆந்த்ராசைக்ளின்களே அரிதாக இரண்டாவது லுகேமியாவை உண்டாக்கக்கூடியவை என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்தத் தயக்கம் புரியும். மையமும் பக்கமும் ஒரே பிடியாக இருக்கும் இடத்தில், பக்கத்தை மட்டும் தனியே உருவி எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது.

அவள் கேட்பது இவ்வளவு பெரிய விஷயமும் அல்ல. ஓர் எண். மிகையான ஆசை என்று யாராவது சொல்லலாம். கெட்டது கெட்டுவிட்டது, எண் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று. ஆகும். குழந்தைப் பருவத்தில் மொத்தம் 250க்கு மேல் வாங்கியவர்களை அதிக ஆபத்துள்ளவர்கள் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் தனியே வைக்கின்றன; அவர்களை இன்னும் நெருக்கமாகக் கண்காணிக்கச் சொல்கின்றன. நாளைக்கே மார்பிலோ வேறெங்கோ ஒரு கட்டி வந்து, இதே குடும்பத்து மருந்து தேவைப்பட்டால், வாழ்நாள் கணக்கில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்ல அந்த எண் ஒன்றுதான் இருக்கிறது. காரியார்த்தமான இந்தக் காரணங்கள் இல்லாவிட்டாலும் அவளுடைய உரிமை உரிமைதான் என்பேன். 550 என்ற எல்லையை உலகத்துக்குக் கொடுத்தவர்கள், கேஸ் ஷீட்டில் எண்ணாகப் பதிவான நோயாளிகள். பதினொன்று, எண்பத்தெட்டு என்று அவர்களை யாரோ உட்கார்ந்து எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையின் பலனைத்தான் ஏழு வயதில் இவள் அநுபவித்தாள். ஒரு குழந்தையின் உடலுக்குள் ஆயுள் முழுக்கக் கூடிக்கொண்டே போகும் ஒரு கணக்கைத் தொடங்கிவைத்தவர்கள், கணக்குப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். சிகிச்சை முடிந்த அன்றைக்கு ஒரு தாள்: மருந்தின் பெயர், தேதி, மொத்த அளவு. இதைச் சிகிச்சைக்குப் பிந்திய உபசாரமாக நினைக்கிறார்கள். சிகிச்சையின் கடைசி வேளை மருந்து என்று நினைக்க வேண்டும்.

போன வருஷம் அவளுடைய இருதய டாக்டர், 1980களில் நம் பக்கத்தில் புழக்கத்திலிருந்த சிகிச்சைத் திட்டங்களைத் தேடிப் பிடித்து, எத்தனை வேளை இருந்திருக்கும் என்று அவளோடும் என் தமக்கையோடும் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒருநாள் ஊசி போட முடியாமல் திருப்பி அனுப்பியது, அம்மை வந்து ஒரு மாதம் நின்றது எல்லாவற்றையும் தமக்கை ஞாபகப்படுத்திச் சொன்னாள். கடைசியில் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்: 180 முதல் 300 வரை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. 250 அதற்கு நடுவில் எங்கோ இருக்கிறது. அவள் அதை லாமினேட் செய்து வைத்திருக்கிறாள்.